மூன்று ஊர் மன்றங்கள், மூன்று விதமான கார்கள்: எச்.ஓ. ஸ்லாட் கார் சங்கம் தொடங்க எது முதல் வேலை?

மூன்றாம்தடம் (லெஸ்டர்ஷயர், இங்கிலாந்து) எழுதியது:

வணக்கம் உறவுகளே. இந்த இணையப் பகுதியில் மாதிரி ரயில், ட்ரோன், தூண்டில் எல்லாம் பேசப்படுகிறது. ஸ்லாட் கார் பற்றி ஒருவரும் எழுதிக் காணவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

எங்கள் ஊர் சாரணர் குடிலில் வெள்ளி மாலைகளில் எச்.ஓ. அளவு ஸ்லாட் கார்ப் பந்தயம் நடக்கிறது. தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் மின்சாரக் கார் இது. பாதையில் வெட்டிய காடிக்குள் காரின் முன்பக்க முள் இறங்கி ஓடும். காடியின் இருபுறமும் மின்சாரம் பாயும் உலோகக் கீற்றுகள் உண்டு. கண்ட்ரோலரின் விசையை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வேகம். சுக்கான் கிடையாது. திருப்பத்துக்கு முன்னால் எப்போது விடுவது, எப்போது மறுபடி அழுத்துவது என்பதுதான் முழு ஆட்டமும். தவறினால் கார் மேசையைத் தாண்டிப் பறக்கும்.

மகளைக் கூட்டிக்கொண்டு போனவன் நான். இப்போது மன்றச் செயலாளர் வேலையும் என் தலையில் விழுந்திருக்கிறது. நாங்கள் ஒரு டசன் பேர். நான்கு தடங்கள் கொண்ட பிளாஸ்டிக் பாதை, மின்கீற்றுகள் இரும்புத் தண்டவாளம். டார்பி பக்கம் ஒரு மதுக்கடையின் மாடியில் இன்னொரு மன்றம் இருக்கிறது. அவர்கள் எம்.டி.எஃப் பலகையில் மரம் குடையும் ரூட்டர் கருவியால் காடி வெட்டி, செப்பு நாடா ஒட்டி, ஆறு தடங்கள் அமைத்திருக்கிறார்கள். பார்க்க அழகு. நாட்டிங்ஹாம் பக்கம் ஒருவருடைய கராஜில் மூன்றாவது மன்றம். அவர்களிடமும் எங்களைப் போலவே நான்கு பிளாஸ்டிக் தடங்கள். எல்லோரையும் சேர்த்தால் முப்பது பேர் வருவோம்.

கடந்த ஆண்டு நட்புக்காக ஒருவர் ஊருக்கு ஒருவர் போய் ஓட்டினோம். இப்போது ஒரு சங்கமாகச் சேர்ந்து ஆண்டுத் தொடர் நடத்தலாம் என்று பேச்சு. பேச்சு தொடங்கியதும் சண்டையும் தொடங்கிவிட்டது. நாங்கள் அடியில் வலுவான காந்தம் வைத்த கார்களை ஓட்டுகிறோம். டார்பிக்காரர்கள் பழைய பாணிப் படுக்கை மோட்டார் கார்கள். கராஜ் மன்றத்தில் அவரவர் விருப்பம். என் கேள்விகள்:

எந்தக் காரைப் பொதுவாக வைப்பது? மூன்று மன்றங்களும் பணம் சேர்த்து எட்டுத் தடங்களுடன் ஒரு பெரிய பாதை கட்டலாமா? சந்தா எவ்வளவு, யார் வைத்திருப்பது? தேசிய அமைப்பு எதிலாவது உடனே சேர்வது நல்லதா?

இந்த வேலையைச் செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

சுருள்கம்பி (குரொய்டன், இங்கிலாந்து) எழுதியது:

தம்பி, நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி முதலாவது ஒன்றுதான். அது தீர்ந்தால் மற்ற மூன்றும் தேநீர் ஆறுவதற்குள் தீரும். அது தீராமல் மற்றவற்றைப் பேசினால், லெட்டர்ஹெட் அச்சடித்த மறுநாள் சங்கம் உடையும். அப்படி உடைந்த ஒன்றின் லெட்டர்ஹெட் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பின்பக்கத்தில் கடைச் சாமான் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் லிஃப்ட் பழுதுபார்க்கும் மின்னியலாளனாக இந்த நாட்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். முதலில் 1/32 அளவுக் கார்கள், பிறகு இடப் பற்றாக்குறையால் எச்.ஓ. தெற்கு லண்டன், சர்ரே பக்கத்துச் சிறு மன்றங்களின் கூட்டமைப்பு ஒன்றுக்கு விதிப்புத்தகம் எழுதி, நெடுங்காலம் அதற்குக் காவலும் இருந்தேன். காவல் என்றுதான் சொல்ல வேண்டும். விதிப்புத்தகத்தைத் திருத்த வருகிறவர்கள் அத்தனை பேர்.

முதலில் காருக்கு வருவோம். நீங்கள் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். டார்பி மன்றத்தின் பாதை செப்பு நாடா. உங்கள் காந்தக் கார்கள் திருப்பத்தில் ஒட்டிக்கொண்டு போவது எதனால்? தண்டவாளம் இரும்பு என்பதால். செப்பைக் காந்தம் இழுக்காது. இரும்பை நம்பி வேகம் பழகியவர் அந்த மாடிக்குப் போனால் முதல் திருப்பத்திலேயே கார் சுவரில் மோதும். போன ஆண்டு நட்புப் பந்தயத்தில் உங்கள் ஆட்கள் டார்பியில் எப்படி ஓட்டினார்கள் என்று நீங்கள் எழுதவில்லை, நான் ஊகிக்கிறேன்.

ஆக, மூன்று பாதைகளிலும் ஏறத்தாழ ஒரே குணத்தோடு ஓடக்கூடியது காந்த இழுவையை நம்பாத கார்தான். அதாவது டார்பிக்காரர்களின் படுக்கை மோட்டார். அவர்கள் சொல்வதால் நான் இதைச் சொல்லவில்லை. செப்பு சொல்கிறது.

அந்தக் காரின் வரலாறு தெரிந்தால் உங்கள் ஆட்களிடம் பேச வசதியாக இருக்கும். 1960-இல் அமெரிக்காவின் அரோரா நிறுவனம் இந்தச் சின்ன அளவுக் கார்களை விற்கத் தொடங்கியது. வடிவமைப்பு இங்கிலாந்திலிருந்து போனது. முதலில் வந்தவற்றில் மோட்டாரே கிடையாது. மாறுமின்னோட்டத்தில் அதிரும் ஒரு தகடு பல்சக்கரத்தைத் தட்டித் தட்டித் தள்ளும். தேனீ மாதிரி இரைச்சல். 1963-இல் தண்டர்ஜெட் 500 வந்தது. தட்டையான மோட்டார் படுக்கையாகக் கிடக்க, அதன் அச்சு செங்குத்தாக நின்று, மேல்தட்டில் உள்ள பல்சக்கரங்கள் வழியாகப் பின்சக்கரத்தைச் சுழற்றும். ஒரு சிறிய திருப்புளி இருந்தால் முழுவதையும் கழற்றிப் பூட்டலாம். பத்து வயதுப் பிள்ளை கழற்றிப் பூட்டக்கூடிய கார் என்பதுதான் அதன் பெருமை. 1970-களின் நடுவில் மோட்டார்க் காந்தத்தையே தண்டவாளத்தை நோக்கி இறக்கி, காரைப் பாதையோடு ஒட்ட வைத்தார்கள். அதன் பிறகு வந்த ஒவ்வொரு தலைமுறையிலும் காந்தம் வலுத்தது. இன்றைய வலுவான காந்தக் கார் திருப்பத்தில் போவதைக் கண் பின்தொடர முடியாது. புதிதாக வந்தவருக்கு அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை, பயப்பட மட்டுமே இருக்கிறது.

அடுத்தது, நான் பிடிவாதமாகச் சொல்லும் ஒன்று. முதல் ஆண்டு ஒரே ஒரு வகுப்பு, அதாவது ஒரே வகைக் காருக்கான பந்தயம். இரண்டு வேண்டாம். கார்கள் சங்கத்தின் சொத்தாக இருக்கட்டும். நான்கு கார், உதிரிக்கு இரண்டு. ஒரே மாதிரி மோட்டார், ஒரே டயர், ஒரே பல்சக்கர விகிதம். கார் தடத்தோடு சேர்ந்தது. ஓட்டுபவர் மாறிக்கொண்டே இருப்பார். சிவப்புத் தடத்துக் காரை எல்லோரும் சிவப்புத் தடத்தில்தான் ஓட்டுவார்கள். பிறகு "அவன் மோட்டாரில் ஏதோ செய்திருக்கிறான்" என்ற முணுமுணுப்பு எங்கே எழும்? டார்பிக்குப் போகும்போது உதிரி இரண்டையும் சேர்த்து ஆறாக இறக்குங்கள்.

ஏன் ஒரே வகுப்பு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நான்கு தடம், பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரும் நான்கு தடத்திலும் ஒரு முறை ஓட்டவேண்டும், அப்போதுதான் உள்தடம் வெளித்தடம் என்ற வாதம் இல்லை. நான்கு தடத்திலும் போட்ட சுற்றுகளைக் கூட்டி வரிசை. தொடர் சுழற்சி முறையில் வைத்தால் ஒவ்வொரு ஹீட்டிலும், அதாவது நேரம் வைத்து ஓட்டும் ஒவ்வொரு ஓட்டத்திலும், ஒருவர் ஏறுவார், ஒருவர் இறங்குவார். பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு ஹீட். ஹீட்டுக்கு மூன்று நிமிடம், மாறி நிற்க இரண்டு நிமிடம். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. இப்போது உங்கள் முப்பது பேரும் ஒரே மாலையில் வந்தால்? முப்பது ஹீட், இரண்டரை மணி நேரம். அதன் மேல் பயிற்சி அரை மணி. இன்னொரு வகுப்பையும் சேர்த்தால் நள்ளிரவில் சாரணர் குடிலின் சாவிக்காரர் வாசலில் நின்று முறைப்பார். பிள்ளைகளோடு வந்தவர்கள் அடுத்த மாதம் வரமாட்டார்கள். சங்கம் சுருங்குவது இப்படித்தான். கொள்கைச் சண்டையால் உடைந்ததை விடக் கடிகாரத்தால் உடைந்தவை அதிகம்.

ஒருவர் தடம் மாறும் சுழற்சி வரிசை 1, 3, 4, 2 என்று இருக்கட்டும். இறங்கியவர் அடுத்த நான்கு ஹீட்டுக்கு மார்ஷல். பறந்த காரை எடுத்துக் காடியில் வைப்பவரைத்தான் சொல்கிறேன். இதை விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். தன் ஹீட் முடிந்ததும் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போகிறவருக்குச் சுற்றுகளைக் கழிக்கும் தண்டனை இருக்கவேண்டும். எந்த வெற்றியாளராக இருந்தாலும் சரி. நான் கழித்திருக்கிறேன், இரண்டு ஆண்டு என்னோடு பேசாமல் இருந்தவர்கள் உண்டு.

எட்டுத் தடப் பெரிய பாதை வேண்டவே வேண்டாம். பெரிய பாதைக்கு நிரந்தர இடம் வேண்டும், நிரந்தர இடத்துக்கு வாடகை வேண்டும், வாடகைக்கு உறுப்பினர் வேண்டும். நீங்கள் உறுப்பினரைத் தேடித்தானே கட்டுகிறீர்கள்? மூன்று குணமுள்ள மூன்று பாதை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதுவே தொடருக்குச் சுவை.

தேசிய அமைப்பு பிறகு. இந்த நாட்டில் சங்கம் என்ற எண்ணம் புதிதல்ல. 1950-களின் நடுவில் சவுத்போர்ட் மாதிரிப் பொறியியல் மன்றத்தார் தண்டவாளத்தைப் பிடித்து ஓடும் மின்சாரக் கார்களைப் பந்தயம் விட்டார்கள். 1957-இல் ஃப்ரெட் ஃபிரான்சிஸ், முன்பு சாவி கொடுத்து ஓட்டிய தகரக் கார்களுக்கு மின் மோட்டார் வைத்து ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கைக் கொண்டுவந்தார். வீட்டுக்கு வீடு வந்தது. அதன் பிறகு 1960-களில் எலெக்ட்ரிக் கார் ரேசிங் அசோசியேஷன் எழுந்து, பின்னாளில் பிரிட்டிஷ் ஸ்லாட் கார் ரேசிங் அசோசியேஷன் ஆனது. கவனியுங்கள்: மன்றங்கள் முதலில், சங்கம் பிறகு. ஒவ்வொரு மன்றமும் பாதையைத் தன் கையால் கட்டிய காலம் அது. அடுத்த ஊர்க்காரர் காரைக் கொண்டுவந்து ஓட்ட வேண்டுமென்றால் மின்னழுத்தமும் காடியின் ஆழமும் எந்தப் பக்கம் நேர்முனை என்பதும் பொருந்தியாக வேண்டும். அந்தப் பொருத்தத்தை எழுதி வைக்கத்தான் சங்கமே தேவைப்படுகிறது. கோப்பை கொடுப்பதற்கு அல்ல, அதைக் கடையில் வாங்கலாம்.

மின்சாரம் பற்றித் தனியாக எழுதுகிறேன்; அதை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

---

நிலவறைப்பாதை (நியூ ஜெர்சி, அமெரிக்கா) எழுதியது:

சுருள்கம்பி அண்ணா, மின்சாரத்துக்கு வருவதற்குள் நான் இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும்.

எங்கள் பக்கம் சங்கம் என்றால் வீட்டு நிலவறைகளின் வரிசைதான். ஒன்பது வீடுகளில் பாதை உண்டு. குளிர்காலத்தில் மாதம் இரு சனிக்கிழமை, ஒவ்வொரு முறை ஒருவர் வீடு. மண்டப வாடகை இல்லை, காப்பீட்டுப் பேச்சு இல்லை. வீட்டுக்காரர் சமைப்பார். என் வீட்டு முறை வரும்போது இட்லியும் கோழிக் குழம்பும். இத்தாலிய வம்சாவளிக்காரர் ஒருவர் என் வீட்டுத் தேதியை மட்டும் நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறார் என்று அவர் மனைவியே சொன்னார்.

பெரிய பாதை வேண்டாம் என்று அண்ணா சொன்னதற்கு இந்த நாட்டின் வரலாறே சாட்சி. 1960-களின் நடுவில் இங்கே ஊருக்கு ஊர் வணிகப் பந்தயக் கூடங்கள் முளைத்தன. ஆயிரக்கணக்கில். எட்டுத் தடங்கள், சாய்வுத் திருப்பங்கள், மணிக்கணக்கில் வாடகை. இன்றும் அந்த மரபில் 'புளூ கிங்' என்ற 155 அடிப் பாதை புகழ் பெற்றது. 1/24 அளவில் இறக்கை வைத்த கார்கள் அதை ஒன்றரை நொடி அளவில் சுற்றிவிடும். கூடங்கள் ஏன் மூடின என்பதற்குப் பல காரணம் சொல்வார்கள். எனக்குப் பிடித்த விளக்கம் எளிமையானது. கடையில் வாங்கிய காரோடு வந்த பையன், மோட்டாரைக் கம்பி கம்பியாகச் சுற்றிக்கொண்டு வந்தவரிடம் தோற்றான். அடுத்த வாரமும் தோற்றான். பிறகு வரவில்லை. 1960-கள் முடிவதற்குள் பெரும்பாலான கூடங்கள் போய்விட்டன. எச்.ஓ. பிழைத்தது, ஏனென்றால் அதற்குக் கூடமே தேவைப்படவில்லை. நிலவறை போதும்.

ஆனால் ஒன்றில் அண்ணாவோடு எனக்கு உடன்பாடு இல்லை. சங்கக் கார் முறை முதல் ஆண்டுக்கு மட்டும் சரி. ஸ்லாட் கார்க்காரர்களில் பாதிப் பேர் ஓட்ட வருகிறவர்கள், மீதிப் பேர் கழற்றிப் பூட்ட வருகிறவர்கள். சொந்தக் காரைச் சீர்செய்யும் சந்தோஷத்தை எடுத்துவிட்டால் இரண்டாவது கூட்டம் போய்விடும். கலிஃபோர்னியாவில் ஃபெர்ன்டேல் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 'ஃப்ரே' என்ற பெயரில் குழுப் பந்தயம் ஒன்று வளர்ந்தது. அது முழுக்க அந்தப் பழைய தண்டர்ஜெட் வகைக் கார்களுக்கானது. சொந்தக் கார், இறுக்கமான விதி. மோட்டாருக்குள் சுழலும் ஓர் ஆர்மேச்சருக்காக ஆட்கள் பெட்டி பெட்டியாகப் பழைய கார்களைத் தேடுவார்கள். அந்தத் தேடலும் விளையாட்டின் பாதிதான். அரோரா காலத்துச் சரக்கு கிடைக்காவிட்டாலும், 2000-த்தை ஒட்டி மறுபதிப்புகள் வரத் தொடங்கின. இன்றும் ஆட்டோ வேர்ல்டு அந்த வகையை விற்கிறது. எனவே கார் கிடைக்காது என்ற பயம் வேண்டாம்.

கண்ட்ரோலர் இணைப்பைப் பற்றியும் விதியில் எழுதுங்கள். இங்கே தடத்துக்கு மூன்று முனைகள்: வெள்ளை மின்வழங்கியிலிருந்து, கறுப்பு பாதைக்கு, சிவப்பு பிரேக்குக்கு. எந்த நிலவறைக்குப் போனாலும் என் கண்ட்ரோலரின் மூன்று கவ்விகளை மாட்டினால் ஓடும். இந்தச் சின்ன ஒற்றுமை இல்லாதிருந்தால் எங்கள் ஒன்பது வீடும் ஒன்பது தீவாகவே இருந்திருக்கும்.

---

மூன்றாம்தடம் எழுதியது:

இருவருக்கும் நன்றி. செப்பு நாடாவை நான் யோசிக்கவே இல்லை. டார்பியில் எங்கள் ஆட்கள் ஓட்டியது பற்றிச் சுருள்கம்பி ஐயாவின் ஊகம் சரி. அதற்கு மேல் எழுத வேண்டாம்.

இரண்டு சிக்கல் மிச்சம். எங்கள் மன்றத்தில் காந்தக் கார்களுக்காக நிறையச் செலவு செய்த ஒருவர் இருக்கிறார். கை தேர்ந்த ஓட்டுநர், பாதையைக் கட்டியவர்களில் ஒருவர். படுக்கை மோட்டார் என்றால் நான் வரமாட்டேன் என்கிறார். அவரை இழக்க முடியாது. இரண்டாவது, வெளியூர்க்காரர்கள் வந்து பந்தயம் நடந்தால் காப்பீட்டுச் சான்று வேண்டும் என்கிறது குடில் நிர்வாகம். பதினெட்டு வயதுக்குக் கீழே ஏழு பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

---

கணக்குப்பிள்ளை_அக்கா (கவென்ட்ரி, இங்கிலாந்து) எழுதியது:

எனக்கு மோட்டார் தெரியாது. என் மகன் ஓட்டுகிறான், நான் இரண்டு சங்கங்களுக்குப் பொருளாளர். ஒன்று தமிழ்ப் பள்ளி. பணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சங்கத்துக்கு வங்கிக் கணக்கு வேண்டுமானால் வங்கி ஓர் அமைப்பு விதியைக் கேட்கும். பெயர், நோக்கம், யார் உறுப்பினர், யார் பொறுப்பாளர், கலைத்தால் மிச்சப் பணம் யாருக்கு, இவ்வளவு போதும். இரண்டு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். காசை எடுக்க இருவர் கையொப்பம். அந்த இருவரும் ஒரே மன்றத்தவராக இருக்கக்கூடாது, கணவன் மனைவியாகவும் இருக்கக்கூடாது. இரண்டாவதைச் சொல்வதால் கோபித்துக்கொள்ளாதீர்கள். கணக்கு கேட்கும் நாளில் அந்த வீட்டில்தான் சாப்பாடு இருக்காது.

மூன்றாம் தரப்புக் காப்பீடு எடுப்பது கடினமில்லை. ஒவ்வொரு மன்றமும் தனித்தனியாக எடுப்பதை விடச் சங்கம் எடுத்து மூன்று இடத்தையும் அதில் எழுதுவது நல்லது. எங்கள் மகன் மன்றத்தில் மக்கள் சங்கத்தில் சேர முதல் காரணம் இதுதான், பந்தயம் அல்ல. தனி மன்றத்தால் சுமக்க முடியாததைச் சங்கம் சுமந்தால், சந்தா கேட்கும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை. கொள்கையளவில் அழகாகப் பேசிவிட்டு, சந்தாவுக்குப் பதிலாக என்ன கிடைக்கிறது என்று சொல்லத் தெரியாத சங்கத்தில் பொருளாளராக இருந்து பாருங்கள், தெரியும்.

பிள்ளைகள் இருப்பதால், பொறுப்பாக நிற்கும் பெரியவர்களுக்கு டி.பி.எஸ். எனும் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு தேவையா என்று பார்த்து, பிள்ளைகள் பாதுகாப்புக்கு ஒருவரை நியமித்து, அவர் பெயரைக் குடில் சுவரில் ஒட்டுங்கள். பெற்றோர் வந்ததும் அந்தத் தாளைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் அப்படித்தான் பார்த்தேன்.

இன்னொன்று. சாலிடர் இரும்பும் எண்ணெய்ப் புட்டிகளும் இருக்கும் மேசையை ஓடுபாதையிலிருந்து தள்ளி வையுங்கள். சிறு பிள்ளைகள் பறந்த கார் எடுக்க ஓடும்போது எதையும் பார்ப்பதில்லை.

---

சுருள்கம்பி எழுதியது:

அக்கா சொன்னதற்கு மேல் பணத்தில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

நியூ ஜெர்சித் தம்பி சொன்னதில் பாதி சரி. கழற்றிப் பூட்டுகிறவர்களுக்கு இடம் வேண்டும். இரண்டாம் ஆண்டு சொந்தக் கார் வரட்டும். ஆனால் விதியின் தலையில் ஒரு வரி: அனுமதி என்று எழுதப்படாதது எல்லாம் தடை. இந்த ஒரு வரி இல்லையென்றால், விதியில் சொல்லாத ஒன்றைக் கண்டுபிடிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஒருவர் எல்லா ஊரிலும் உண்டு. திருத்தம் ஆண்டுக்கு ஒரு முறை, தொடர் முடிந்த பிறகு மட்டும். நடுவில் யார் அழுதாலும் கூடாது.

சரிபார்க்கும் கருவி எல்லோரும் பார்க்கும்படி எளிதாக இருக்கட்டும். பித்தளைத் தகட்டில் இரண்டு காடி வெட்டுங்கள். ஒன்று சக்கர அகலத்துக்கு, ஒன்று டயர் உயரத்துக்கு. நுழைந்தால் சரி, நுழையாவிட்டால் இல்லை. வெர்னியர் அளவுகோலை எடுத்தால் வாதம் வரும்; தகட்டோடு யாரும் வாதாட முடியாது. மூன்று மன்றத்துக்கும் ஒரே நாளில் ஒரே கையால் வெட்டிய மூன்று தகடு.

உங்கள் காந்தக் கார் நண்பருக்கு வருகிறேன். அவர் வெளியேறுவார் என்று நான் நினைக்கவில்லை. பாதை கட்டியவர் பாதையை விட்டுப் போகமாட்டார். சங்கம் மன்றங்களின் வெள்ளிக்கிழமையை ஆளக்கூடாது என்பதை மட்டும் அவருக்கு எழுத்தில் கொடுங்கள். உங்கள் குடிலில் வழக்கமான மாலைகளில் காந்தக் கார் ஓடட்டும், அவரே அதை நடத்தட்டும். சங்கத்தின் ஆட்சி சங்கத்தின் பந்தய நாட்களில் மட்டும். சங்கம் வளரும் அவசரத்தில் மன்றங்களின் உள்விவகாரத்தில் கை வைத்ததால்தான் எங்கள் பக்கத்தில் ஒரு மன்றம் விலகியது. பிறகு அவரிடம் ஒரு வேலையைக் கேளுங்கள்: சங்கத்தின் ஆறு கார்களையும் ஒரே வேகத்துக்குச் சமன்படுத்தித் தரமுடியுமா என்று. ஆறு படுக்கை மோட்டார்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது, ஒன்றை வேகமாக்குவதைவிடக் கடினம். கை தேர்ந்தவர் என்கிறீர்கள். அந்தச் சவாலை விடமாட்டார்.

இப்போது மின்சாரம். உங்கள் நான்கு தடமும் ஒரே சிறிய மின்வழங்கியிலிருந்து ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், ஒரு கார் பறந்ததும் மற்ற மூன்றும் திடீரென்று துள்ளும். பறந்த கார் இழுத்துக்கொண்டிருந்த மின்னோட்டம் நின்றதும் மின்னழுத்தம் ஏறுகிறது, காரணம் அவ்வளவுதான். நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தவர் வேறொருவர் பறந்ததால் தானும் பறப்பார். பெரியவர்கள் சிரிப்பார்கள், பிள்ளைகள் அழுவார்கள். தடத்துக்கு ஒரு வழங்கி, அல்லது நான்கையும் தாங்கும் வலுவான ஒரு ஒழுங்குபடுத்திய வழங்கி, தடித்த கம்பி. 18 வோல்ட் என்று வைத்தால் மூன்று பாதையிலும் 18. பந்தயத்துக்கு முன் மீட்டரை வைத்துக் காட்டுங்கள். பாதையின் தொலைவான மூலையிலும் அளந்து பாருங்கள். பிளாஸ்டிக் பாதையில் ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் மின்னழுத்தத்தைத் தின்னும். வழங்கியிலிருந்து பல இடங்களுக்குத் தனிக் கம்பி இழுத்துக் கொடுத்தால் அது தீரும். டார்பியின் செப்பு நாடாவில் சிக்கல் வேறு: பச்சை பிடிக்கும். துடைத்து வைக்கச் சொல்லுங்கள்.

பிரேக்குக் கம்பியையும் மறக்காதீர்கள். விசையை விட்டதும் மோட்டாரின் இரு முனையும் இணைந்தால்தான் கார் சட்டென்று வேகம் குறையும். ஒரு மன்றத்தில் பிரேக் இருந்து இன்னொன்றில் இல்லையென்றால் இரண்டும் ஒரே விளையாட்டு அல்ல.

---

மூன்றாம்தடம் எழுதியது:

நேற்று மூன்று மன்றப் பொறுப்பாளர்களும் கூடினோம். ஒரே வகுப்பு, படுக்கை மோட்டார், சங்கக் கார்கள். ஆண்டுக்கு ஒன்பது பந்தய நாள், ஊருக்கு மூன்று, மோசமான இரண்டு முடிவுகளைக் கழித்துவிட்டு மீதியைக் கூட்டுவது. கார்களைச் சமன்படுத்தும் வேலையை நம்மவர் எடுத்துக்கொண்டார். "ஒரு வாரம் போதும்" என்றார். எட்டுத் தடப் பேச்சை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிட்டோம். பெயர் இன்னும் முடிவாகவில்லை. அதற்குத்தான் அதிக நேரம் போனது.

ஒரு சந்தேகம். எங்கள் குடிலிலும் கராஜிலும் நான்கு தடம், டார்பியில் ஆறு. அங்கே ஆறு ஹீட் ஓட்டினால் எங்களை விட அதிக நேரம் ஓட்டுகிறார்கள். தொடருக்கு அது நியாயமா?

---

சுருள்கம்பி எழுதியது:

நான்கு தடத்தில் ஹீட்டுக்கு மூன்று நிமிடம் வையுங்கள், ஆறு தடத்தில் இரண்டு நிமிடம். இரண்டிலும் ஒருவர் ஓட்டுவது பன்னிரண்டு நிமிடம். டார்பியில் சுழற்சி வரிசை 1, 3, 5, 6, 4, 2. முப்பது பேருக்கு முப்பது ஹீட், மாறும் நேரத்தோடு இரண்டு மணி நேரம்.

தொடர்ப் புள்ளிகளைச் சுற்று எண்ணிக்கையால் கொடுக்காதீர்கள். பாதையின் நீளம் மூன்றிலும் வேறு. அன்றைய வரிசையால் கொடுங்கள். முடிவுகளை அன்றிரவே, எல்லோரும் வீட்டுக்குப் போவதற்கு முன் அச்சிட்டு ஒட்டுங்கள்.

நம்மவர் சமன்படுத்திய ஆறு கார்களையும் டார்பியில் வைத்தே சோதியுங்கள், உங்கள் குடிலில் அல்ல. "ஒரு வாரம்" என்றாரா? மூன்று வாரம் கொடுங்கள்.